அருக்காணியின் சுத்தமான போட்டி

ஆட்டுக் குடலை எங்கள் பக்கத்தில் போட்டி என்போம். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஏனென்றால் பெரிய படிப்புப் படித்தவர்கள்கூட இந்த ஒரு சொல்லில் வழுக்கி விழுந்தார்கள். படிக்காத நாங்களும் விழுந்தோம். எங்களுக்கு அடி ஒன்றும் படவில்லை.

குன்னூருக்குக் கீழே ஒத்தைப்பாறை எஸ்டேட்டில் அருக்காணியைப் போலப் போட்டி சமைக்க யாராலும் முடியாது. இதைச் சொல்ல எனக்குக் கொஞ்சம் கஷ்டமாகத்தான் இருக்கிறது, ஏனென்றால் பின்னாளில் அவள் கடைக்கு நேர் எதிரே கடை போட்டவள் நான். இருந்தாலும் செத்துப்போனவளைப் பற்றிப் பொய் சொல்லக் கூடாது. நன்றாகத்தான் சமைத்தாள். உப்பு மட்டும் எப்போதும் ஒரு கல் தூக்கல்.

அவளுக்கு ஊர் அன்னூர்ப் பக்கம். கல்யாணமான கையோடு புருஷன் மருதமுத்துவோடு மலையேறி வந்தவள். மருதமுத்து டீ பேக்டரியில் பெட்டி தூக்குகிற ஆள். ஒரு நாள் நிறைபெட்டியைத் தோளில் வைத்துக்கொண்டு படியில் சறுக்கி விழுந்தவன், அதன் பிறகு நிமிர்ந்து நிற்கவில்லை. இடுப்பு போய்விட்டது. எஸ்டேட் கூலிக் கணக்கிலிருந்து அவன் பெயரை எடுத்துவிட்டார்கள். அருக்காணி இலை கிள்ளினாள். ஆனால் அவள் ஒருத்தியின் கூலியில் இரண்டு வயிறும் ஒரு வைத்தியரும் பிழைக்க வழியில்லை.

அந்த நாளில் குன்னூர் மார்க்கெட்டில் ஆட்டின் தொடையும் ஈரலும் பங்களாக்களுக்குப் போய்விடும். குடலைக் கேட்பாரில்லை. அருக்காணி கேட்டாள். ஞாயிற்றுக்கிழமை விடியும் முன்பே கூடையோடு மார்க்கெட்டுக்குப் போவாள். ஓடைக்கரையில் உட்கார்ந்து குடலைக் குச்சியில் மாட்டி உள்ளே வெளியே திருப்பி, சுண்ணாம்பு போட்டுத் தேய்த்து, வெந்நீர் ஊற்றி, ஏழு தடவை தண்ணீர் மாற்றுவாள். எட்டாவது தடவை நாம் பார்த்துக்கொண்டிருந்தால் மட்டும். பிறகு எஸ்டேட் கேட்டுக்குப் பக்கத்தில் சில்வர் மரத்தடியில் மூன்று கல் வைத்துச் சட்டியை ஏற்றுவாள். மிளகு, சீரகம், அரைத்த தேங்காய். பனி இறங்குகிற நேரத்தில் அந்த ஆவி கூலிக்காரர்கள் குடியிருக்கிற நாலு லைனுக்கும் போய் ஆட்களைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வரும்.

இதில் வயிறெரிந்தவன் மருதாசலம். எஸ்டேட்டில் கேன்டீன் என்று இருந்தது அவனுடையது ஒன்றுதான். இன்னொருவர் வைக்கக் கூடாது என்பது சட்டம். சட்டத்தைப் போட்டவர் எஸ்டேட்டில் கணக்கெழுதுகிற ரைட்டர் லிங்கசாமி. மருதாசலம் அவருடைய மச்சினன். அவன் வடையை ஊறவைத்துத்தான் சாப்பிட முடியும். சுற்றிலும் தேயிலையாக இருக்கிற இடத்தில் உட்கார்ந்துகொண்டு அப்படி ஒரு டீ போடுவதற்குத் தனித் திறமை வேண்டும். அது அவனிடம் இருந்தது.

இப்படியாக இருக்கும்போது, புதுப் பைசா வந்ததற்கு மறுவருஷம், கார்த்திகை மாதத்தில் லிங்கசாமி சில்வர் மரத்தடிக்கு வந்தார். நான் அப்போது தட்டோடு நின்றுகொண்டிருந்தேன்.

"ஏம்மா அருக்காணி, அடுத்த ஞாயித்துக்கெழமை முதலாளி வர்றாரு. கூடவே மெட்ராஸ்ல இருந்து பெரிய பெரிய கம்பெனிக்காரங்க வர்றாங்க. கேட்டுக்குப் பக்கத்துல உன்ற சட்டி இருக்கக் கூடாது."

"அன்னிக்கு ஒரு நாளைக்குங்களா?"

"அன்னிக்கிருந்து எப்பவுமே. மீறி வெச்சீன்னா லைன் ஊட்டையும் காலி பண்ணோணும்."

அருக்காணி கரண்டியைக் கீழே வைத்தாள். "எங்கீங்க போறது ரைட்டரய்யா? அவரு எந்திரிச்சு நிக்கறதுக்கே ரெண்டாளு வேணுமுங்களே."

"அதுக்கு நான் என்ன பண்றது? கடைன்னா பர்மிட் இருக்கோணும், போர்டு இருக்கோணும். உன்றகிட்ட என்ன இருக்குது?"

"சட்டி இருக்குதுங்க."

நான் சிரித்துவிட்டேன். லிங்கசாமி என்னை முறைத்தார்.

"பர்மிட் யாருங்க குடுக்கறது?" என்று கேட்டாள் அருக்காணி.

"நாந்தான்."

"அப்பக் குடுங்க."

"குடுக்க மாட்டேன்."

"செரீங்க. போர்டையாவது வெச்சுக்கறேன்" என்று சொல்லிவிட்டுக் கரண்டியை மறுபடியும் எடுத்தாள். அவள் பிடிவாதம் அப்படி. என்னைப் பிடிவாதக்காரி என்று ஊரில் சொல்கிறார்கள், அருக்காணியைப் பார்க்காதவர்கள்.

எஸ்டேட் பள்ளிக்கூடத்து டீச்சர் ஜெஸிந்தாவிடம் உடைந்த டீப் பெட்டியின் பலகையைக் கொண்டுபோய்க் கொடுத்தாள். நானும் கூடப் போனேன்.

"என்ன எழுதணும் அக்கா?"

"போட்டி உண்டுன்னு எழுதுங்க டீச்சர். சுத்தமா இருக்கும்னும் எழுதுங்க. அந்த மருதாசலம் நாத்தம் நாத்தம்னு ஊரெல்லாம் சொல்லீட்டுத் திரியறான்."

ஜெஸிந்தா சிவப்புப் பெயின்டில் பெரிது பெரிதாக எழுதினாள்: சுத்தமான போட்டி இங்கு உண்டு. எழுதும்போது தனக்குள் சிரித்துக்கொண்டாள். என்ன டீச்சர் என்று கேட்டேன். பெயின்ட் வாசனை என்றாள். பெயின்ட் வாசனைக்குத் தும்முவார்கள், சிரிக்க மாட்டார்கள் என்று அன்றைக்கு எனக்குத் தோன்றவில்லை.

முதலாளியைப் பற்றிச் சொல்ல வேண்டும். பாலசுப்பிரமணியம் என்று பெயர். கோயமுத்தூரில் மில் வைத்திருந்தார். வெள்ளைக்காரத் துரை எஸ்டேட்டை விற்றுவிட்டுக் கப்பலேறியபோது வாங்கினார். நல்ல மனிதர், குறை சொல்ல மாட்டேன். வந்த முதல் வருஷமே எல்லோருக்கும் கம்பளி கொடுத்தார். அவருக்கு ஒரே ஒரு கவலை. புதிதாகச் சுதந்திரம் வாங்கிய நாட்டில் சர்க்கார் எல்லாத் தொழிலிலும் கை வைக்கிறது, நூல் நூற்கப் பர்மிட், மெஷின் வாங்க லைசென்ஸ் என்று ஆளைக் கட்டிப்போடுகிறது, வியாபாரத்தை அதன் போக்கில் விட மாட்டேன் என்கிறது. இதைச் சொல்லிச் சொல்லி அவருக்குத் தொண்டை கட்டிப்போயிருந்தது. அவரைப் போலவே தொண்டை கட்டிய நாலு மில்காரர்களும் கம்பெனிக்காரர்களும் சேர்ந்து ஒரு சங்கம் வைத்து, ஊர் ஊராகப் போய்ப் பேசினார்கள். அந்த வருஷம் எங்கள் எஸ்டேட்டின் முறை.

சுதந்திரத்தைப் பற்றிய பேச்சைக் கேட்க எல்லோரும் கட்டாயம் வரவேண்டும், வராதவர்களுக்குத் திங்கட்கிழமை வேலை கிடையாது என்று கங்காணி லைன் லைனாகச் சொல்லிவிட்டுப் போனார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை காலையில் எதிரில் நிற்கிற ஆள் தெரியாத அளவுக்கு மேகம். அருக்காணி எப்போதும்போல மார்க்கெட்டுக்குப் போய்வந்து, சட்டியை ஏற்றி, பலகையைச் சில்வர் மரத்தில் கட்டினாள். மருதமுத்துவைக் கட்டிலோடு தூக்கிவந்து சட்டிக்குக் காவலாகப் போட்டோம். கார்கள் நாலைந்து விளக்கைப் போட்டுக்கொண்டு மேலே ஏறின. மேகத்தில் யாருக்கும் பலகை தெரியவில்லை. பின்னாலேயே நாங்களும் ஏறினோம்.

பேக்டரியில் இலை வாட்டுகிற மாடியில் கூட்டம். ஞாயிற்றுக்கிழமை இலை வராது, இடம் காலியாக இருந்தது. எங்களைத் தரையில் உட்காரவைத்தார்கள். மருதாசலம் பன் கூடையோடு ஓரத்தில் நின்றான். பேச்சு முடிந்த பிறகுதான் பன். அதுவரை யாரும் எழுந்து போகக் கூடாது.

முதலாளி எழுந்தார். முதலில் பேசியது ஒன்றும் புரியவில்லை. சர்க்கார், மூலதனம், திட்டம் என்று போய்க்கொண்டிருந்தது. பிறகு திடீரென்று குரலை உயர்த்தி, "இன்றைக்கு நம் நாட்டுக்கு அவசியமாக வேண்டியது எது தெரியுமா? போட்டி!" என்றார்.

கூட்டத்தில் இருந்த பெண்கள் அத்தனை பேரும் அருக்காணியைத் திரும்பிப் பார்த்தோம்.

நீங்கள் சிரிக்கலாம். ஆனால் கொஞ்சம் யோசியுங்கள். போட்டி என்றால் எங்களுக்கு இரண்டு தெரியும். ஒன்று சட்டியில் வேகிறது. இன்னொன்று பொறாமையோடு சேர்ந்து வந்து குடியைக் கெடுக்கிறது. ஒரு பெரிய மனிதர் கோயமுத்தூரிலிருந்து இத்தனை வளைவு ஏறி வந்து, குடியைக் கெடுப்பதையா நாட்டுக்கு நல்லது என்று சொல்லுவார்? ஆகவே சட்டியில் வேகிறதைத்தான் சொல்கிறார் என்று முடிவுகட்டினோம். அதன்பிறகு அவர் சொன்ன ஒவ்வொன்றும் எங்களுக்குத் தெளிவாகப் புரிந்தது.

"வெள்ளைக்காரர்கள் காலத்தில் இந்த மலையில் போட்டி உண்டா? கிடையாது. எல்லாவற்றையும் அவர்களே வைத்துக்கொண்டார்கள்."

"மெய்தானுங்க" என்றாள் அருக்காணி சத்தமாக. துரை பங்களாவில் குடலை நாய்க்குத்தான் போடுவார்கள்.

"போட்டி என்றால் சிலர் முகத்தைச் சுளிக்கிறார்கள். முதலில் அப்படித்தான் இருக்கும். பழகப் பழகத்தான் அதன் அருமை தெரியும்."

"நானும் அதைத்தான சொல்றேன்" என்று என் தொடையில் ஒரு அடி வைத்தாள்.

"போட்டி இல்லாத இடத்தில் என்ன நடக்கிறது? ஒரே ஒரு கடைக்காரன். அவன் வைத்ததுதான் சாமான். அவன் சொன்னதுதான் விலை. நல்லதோ கெட்டதோ, அதையே மக்கள் வாங்கியாக வேண்டும்!"

இப்போது எல்லோரும் மருதாசலத்தைப் பார்த்தோம். அவன் பன் கூடையை வயிற்றோடு அணைத்துக்கொண்டான்.

"ஆகவே நேர்மையான போட்டி வேண்டும்!"

"நேர்மையானதுன்னா?" என்று அவள் காதில் கேட்டேன்.

"அளவு கொறைக்காமப் போடறது" என்றாள். சொல்லிவிட்டுக் கையைத் தட்டினாள். அவளைப் பார்த்து நாங்களும் தட்டினோம். மாடியே அதிர்ந்தது. ஊர் ஊராகப் பேசி எங்கேயும் இப்படி ஒரு கைதட்டலை முதலாளி வாங்கியதில்லை போலிருக்கிறது. கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார்.

பன்னை வாங்கிக்கொண்டு அருக்காணி குறுக்குப் பாதையில் ஓடினாள், நான் பின்னாலேயே ஓடினேன். நாங்கள் கேட்டுக்குப் போய்ச் சேரவும் மேகம் கலையவும் சரியாக இருந்தது. வெயில் நேராகச் சிவப்பு எழுத்தின்மேல் விழுந்தது. முதல் கார் கேட்டைத் தாண்டியது, நின்றது, பின்னால் வந்தது.

முதலாளி இறங்கினார். மெட்ராஸ்காரர் இறங்கினார். போட்டோப் பெட்டி வைத்திருந்த பத்திரிகைக்காரர் இறங்கினார். லிங்கசாமி மேலேயிருந்து ஓடிவந்தார். எல்லோரும் மரத்தைப் பார்த்து நின்றார்கள்.

"இந்த போர்டை வெச்சது யாரும்மா?"

"நானுங்க." அருக்காணி சட்டி மூடியைப் பிடித்துக்கொண்டாள்.

"நீயேவா? யாராச்சும் சொல்லிக் குடுத்தாங்களா?"

"ரைட்டரய்யாதானுங்க போர்டு இருக்கோணும்னாரு."

முதலாளி லிங்கசாமியைப் பெருமையோடு பார்த்தார். லிங்கசாமிக்கு அழுவதா சிரிப்பதா என்று தெரியவில்லை.

"யாருக்கும்மா போட்டி?"

"வர்றவங்க எல்லாத்துக்குமுங்க. இன்னாருக்குன்னு கெடையாதுங்க. ரைட்டரய்யா வந்தாலும் உண்டுங்க."

"ஆகா! இதுல எதிர்ப்பு ஒண்ணும் இல்லியா?"

"நாத்தம்னு சொல்றாங்கங்க. சுத்தம் பண்ணாத்தான் நாத்தமே இருக்காதுங்களே."

"கரெக்ட்! சுத்தமா இருந்தா யாரும் கொறை சொல்ல முடியாது. செரி, இந்தப் போட்டியால உனக்கு என்ன நன்மை?"

அருக்காணி கட்டிலைக் காட்டினாள். "பேக்டரியில பெட்டி தூக்கி இடுப்பு முறிஞ்சு கெடக்கறாருங்க. இந்தப் போட்டிதானுங்க எங்களுக்குக் கஞ்சி ஊத்துது. இது நின்னுதுன்னா ரெண்டு பேரும் பட்டினிதானுங்க."

முதலாளி மெட்ராஸ்காரர் பக்கம் திரும்பினார். "கேட்டீங்களா? பள்ளிக்கூடமே போகாத அம்மா. நாம புத்தகம் போட்டுச் சொல்றதை எப்படிச் சொல்லுது பாருங்க!" மெட்ராஸ்காரர் நோட்டில் எழுதிக்கொண்டார். பத்திரிகைக்காரர் பலகையோடு சேர்த்து அருக்காணியைப் போட்டோ எடுத்தார்.

லிங்கசாமி அந்த நேரத்தில் வாயை மூடிக்கொண்டிருந்திருக்கலாம். மூடவில்லை. "இவளுக்குப் பர்மிட் இல்லீங்க. இன்னிக்கே தூக்கச் சொல்லியிருக்கறனுங்க."

முதலாளியின் முகம் மாறியது. "என்ன இல்லே?"

"பர்மிட்டுங்க."

"லிங்கசாமி, மேல ஒரு மணி நேரமா நான் எதைப் பத்திப் பேசீட்டு இருந்தேன்?"

"அது வந்துங்க... பன்னை எண்ணீட்டு இருந்தனுங்க."

"நல்லாக் கேட்டுக்க. இந்த எடத்துல போட்டியை யாரும் தடுக்கக் கூடாது. நீயுந்தான், நானுந்தான்!"

நாங்கள் கைதட்டினோம். அதோடு கார் ஏறியிருந்தால் அவருக்கு நல்லது. ஆனால் மெட்ராஸ்காரருக்குப் பசி. மூக்கை உறிஞ்சிக்கொண்டு, "அம்மா, சட்டியிலே என்ன?" என்றார்.

"இதுதானுங்க போட்டி" என்று அருக்காணி மூடியைத் தூக்கினாள்.

ஆவி குப்பென்று முதலாளியின் முகத்துக்கு நேரே போனது. அவர் முட்டைகூடத் தொடாதவர். துணியால் மூக்கைப் பொத்திக்கொண்டு சட்டியைப் பார்த்தார். பலகையைப் பார்த்தார். மறுபடியும் சட்டியைப் பார்த்தார். மெட்ராஸ்காரர் கார்க் கதவைப் பிடித்துக்கொண்டு சிரிக்க ஆரம்பித்தார், கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தார். என்ன தப்பு நடந்தது என்று எங்களுக்கு விளங்கவில்லை. ஆனால் ஏதோ நடந்துவிட்டது என்று மட்டும் தெரிந்தது. அருக்காணி தூக்கிய மூடியைத் தூக்கியபடியே நின்றாள். கட்டிலில் மருதமுத்து எழுந்திருக்கப் பார்த்தான், முடியவில்லை. லிங்கசாமி சட்டியைத் தூக்குவதற்கு இரண்டு ஆளைக் கையைக் காட்டிக் கூப்பிட்டுவிட்டார்.

முதலாளி கையை உயர்த்தினார். துணிக்குள்ளிருந்து பேசினார்.

"சொன்னது சொன்னதுதான். கடை இருக்கட்டும்." காருக்குள் ஏறி உட்கார்ந்த பிறகு தலையை வெளியே நீட்டி, "மூடியும் இருக்கட்டும்" என்றார்.

மெட்ராஸ்காரர் காரைக் காக்கவைத்து இரண்டு தட்டுச் சாப்பிட்டுவிட்டுத்தான் ஏறினார்.

பத்திரிகையில் போட்டோ வந்தது. ஜெஸிந்தா படித்துக் காட்டினாள். மலையில் ஏழைத் தொழிலாளியும் சுதந்திரத் தொழிலை வரவேற்கிறார் என்று போட்டிருந்ததாம். குடல் என்ற பேச்சே அதில் இல்லை. அன்றைக்குத்தான் டீச்சர் எங்களுக்கு விஷயத்தை விளக்கிச் சொன்னாள். அருக்காணி பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அதுனால என்ன? அந்தப் போட்டியும் அவரு சொன்னாப்பல நல்லதுதான். மருதாசலம் வடை மெதுவாயிருச்சு, பாத்தீங்களா?" என்றாள். வாஸ்தவம். வடை மெதுவாகியிருந்தது. டீக்கும் நிறம் வந்திருந்தது.

இதைச் சொன்னவள்தான், இரண்டு வருஷம் கழித்து நான் எதிர்ப்பக்கம் சட்டி வைத்தபோது ஆடிய ஆட்டம் இருக்கிறதே!

எனக்கும் நாலு பிள்ளைகள். சர்ச்சு முடிந்து வருகிற எங்கள் வேதக்காரச் சனம் எல்லாம் அவளிடம்தான் வாங்கித் தின்றது. நான் சமைத்தால் என்ன என்று தோன்றியது, வைத்தேன். அவ்வளவுதான். என்னிடம் ஒரு வார்த்தை பேசாமல் நேராக லிங்கசாமியிடம் போனாள்.

"ஏனுங்க ரைட்டரய்யா, அந்தத் தபித்தாளுக்குப் பர்மிட் இருக்குதுங்களா?" என்று என் பெயரைச் சொல்லிக் கேட்டாளாம்.

லிங்கசாமி இந்தக் கேள்விக்காக இரண்டு வருஷம் காத்திருந்தவரைப்போல நாற்காலியில் நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்தாராம். "ஏனம்மணி, இந்த எடத்துல போட்டியை யாரும் தடுக்கக் கூடாதுன்னு முதலாளி சொன்னது மறந்து போச்சா? உன்ற முன்னாடிதான சொன்னாரு?"

திரும்பி வந்தாள். என் சட்டிக்கு முன்னால் இடுப்பில் கை வைத்து நின்றாள். "ஒரு தட்டுப் போடு" என்றாள். போட்டேன். நின்றபடியே தின்றாள், ஒரு துண்டுகூட விடாமல். தட்டைக் கொடுத்துவிட்டு, "உப்புப் பத்தலை, தபித்தா" என்றாள். போய்விட்டாள்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவள் பலகையில் சிவப்பு எழுத்து கூடியிருந்தது. எனக்குப் படிக்கத் தெரியாது. ஜெஸிந்தாவைப் பிடித்து நிறுத்திக் கேட்டேன். அவள் சிரிப்பை அடக்கிக்கொண்டு படித்தாள்: சுத்தமான போட்டி இங்கு மட்டுமே உண்டு.

அடுத்த தடவை முதலாளி வந்தபோது கார் கேட்டில் மெதுவாகப் போனது. பலகையைப் படித்தார். எதிரில் என் சட்டியைப் பார்த்தார். கார்க் கண்ணாடியை ஏற்றிக்கொண்டார். அவர் தோள் இரண்டும் குலுங்கியதை நான் பார்த்தேன்.

அப்படியே இருபது வருஷத்துக்கு மேலாக எதிரும் புதிருமாக உட்கார்ந்திருந்தோம். ஒரு வாரம் அவள் தேங்காயைக் கூட்டினால் மறுவாரம் நான் மிளகைக் கூட்டுவேன். அவளுக்கு மழைக்குத் தார்ப்பாய் வந்தால் எனக்கு பெஞ்சு வரும். மருதமுத்து நடுவில் கட்டிலில் படுத்துக்கொண்டு இரண்டு பக்கமும் ருசி பார்ப்பான். எது நல்லது என்று கேட்டால் தூங்கிவிடுவான். லைன் வீட்டிலேயே, அவள் கையால் சாப்பிட்டு, அவளுக்கு முன்னால் போய்ச் சேர்ந்தான்.

அருக்காணிக்கு முடியாமல் போன கடைசி வாரத்தில் அவள் கடையில் சட்டி ஏறவில்லை. நான் என் சட்டியிலிருந்து ஒரு கிண்ணம் கொண்டுபோனேன். எழுப்பி உட்காரவைத்து ஊட்டினேன். இரண்டு வாய் தின்றாள். கண்ணை மூடிக்கொண்டு, "உப்புப் பத்தலை, தபித்தா" என்றாள்.

அன்றைக்கு அவளுக்கென்று ஒரு கல் கூடத்தான் போட்டிருந்தேன்.